ஹாம்லெட் சொன்ன மாதக் கணக்கு

கடையில் பேரேடு எழுதிப் பழகினவன் நான். நாடகம் படித்தாலும் கண் முதலில் கணக்கில்தான் விழும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில், டென்மார்க் இளவரசன் முதன்முதலாகத் தனியே புலம்பும் இடத்தைப் பாருங்கள். அப்பா இறந்து ரெண்டு மாதம் என்கிறான். உடனே, ரெண்டுகூட ஆகவில்லை என்கிறான். சில வரி தாண்டுவதற்குள், அம்மா ஒரே மாதத்தில் சித்தப்பனை மணந்துவிட்டாள் என்றாகிறது. பின்னால் அரண்மனையில் நாடகம் பார்க்கையில், அப்பா செத்து ரெண்டு மணி நேரம்கூட ஆகவில்லை என்கிறான்! பக்கத்திலிருக்கும் ஒஃபீலியா, நாலு மாதம் ஆச்சே என்று திருத்துகிறாள். என் கணக்குப்பிள்ளை இப்படி எழுதினால் அன்றே சீட்டுக் கிழிந்திருக்கும். ஆனால் ஷேக்ஸ்பியர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். அந்தப் பையனுக்கு நாள் வளரவில்லை, சுருங்கிக்கொண்டே போகிறது. சாவு வீட்டுப் பலகாரமே ஆறிப்போய்க் கல்யாணப் பந்திக்கு வந்தது என்று நண்பனிடம் கேலி வேறு.

முதலில் புலம்பும்போது, அப்பா கொலையுண்டது அவனுக்குத் தெரியாது. ஆவி வந்து சொல்வது பிறகுதான். அப்படியானால் இவ்வளவு ஆத்திரம் ஏன்? அவசரம் மட்டும் காரணமல்ல. அண்ணன் மனைவியை மணப்பது அன்றைய இங்கிலாந்துத் திருச்சபைச் சட்டத்தில் முறைகெட்ட உறவு. (இங்கே ஹரியானாவில் விதவையைக் கொழுந்தனுக்கே கட்டிவைக்கும் 'கரேவா' வழக்கத்தைப் பார்த்த நமக்கு இது விநோதமாகப் படலாம்.) எட்டாம் ஹென்றி, போப்பின் விலக்கு பெற்று 1509இல் அண்ணன் ஆர்தரின் விதவை காத்ரீனை மணந்தார். 1533இல் அது திருமணமே அல்ல என்று தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு ஆன் போலினுக்குப் பிறந்தவர்தான் எலிசபெத். முந்தைய கல்யாணம் செல்லாது என்றால்தான் அவர் முறையான வாரிசு. அவர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் எழுந்த நாடகம் இது. கொட்டகையில் இருந்தவர்களுக்கு விஷயம் புரியாமலா இருந்திருக்கும்? பிரிட்டனில் அந்தத் தடை நீங்கியது 1921இல்.

இரவுப் பள்ளியில் இதை முதலில் படித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. அப்பா போய் மூன்று வருஷம். முழுக்க மகன் கட்சி. முப்பத்திரண்டில் தாலியிழந்த என் அம்மாவுக்கு மறுமணம் என்ற பேச்சையே எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

1603இல் அச்சான முதல் பதிப்பு சின்னது, பிழை மலிந்தது, அறிஞர்கள் குறைவாக மதிப்பது. அதில் மட்டும் ராணி, கொலை பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று மகனிடம் சத்தியம் செய்து, அவனுக்குத் துணை நிற்பதாகவும் சொல்கிறாள். 1604-05 பதிப்பிலும் 1623 தொகுதியிலும் அவ்வளவு வெளிப்படையான பேச்சு இல்லை. எங்கும் அவள் ஏன் மணந்தாள் என்று மகன் நிதானமாகக் கேட்கவேயில்லை. குற்றம் சாட்டுகிறான், அவ்வளவுதான்.

என் அம்மாவிடம் நானும் ஒன்றும் கேட்டதில்லை.