வேளைக்காரர் நாட்டிய கல்



மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புகைவண்டியேறும் நம்மவர்கள், வெலிக்கந்தையும் மனம்பிட்டியும் கழிந்து, மகாவலி கங்கையைக் கடந்ததும் பொலனறுவையை அடைகிறார்கள். சித்தாண்டியிலுள்ள நமக்கு மிக அண்மையிலுள்ள பழைய பௌத்த இராசதானி இதுவே.

அங்கே செல்பவர்கள் பராக்கிரம சமுத்திரத்தைக் காண்பார்கள். கல்விகாரையில் துயில்கொள்ளும் புத்தர்முன் மெய்மறந்து நிற்பார்கள். தமிழர்களாயின், வானவன்மாதேவி ஈச்சரத்தையும் கும்பிட்டு வருவார்கள். அது முதலாம் இராசராசனின் தேவி பெயரால் அமைந்த சோழர் கற்றளி. அக்காலத்தில் அந்நகரின் பெயர் சனநாதமங்கலம். 1070 அளவில் முதலாம் விசயபாகு சோழராட்சியை அகற்றினான். இவை நாம் பாடநூலிற் படித்தவை.

அதிகம் பேர் நின்று பார்க்காத கல் ஒன்று தலதா முற்றத்தில், அட்டதாகேக்கு அருகில் இருக்கிறது. விசயபாகு புத்தரின் தந்தத்தை வைத்துப் போற்றிய மாளிகை அது. அருகிலுள்ள அந்தக் கல்லின் சாசனமோ, தொடக்கத்தில் வடமொழிச் சுலோகமும் தொடர்ந்து தமிழுமாக அமைந்தது. அதைப் பொறிப்பித்தவர்கள் வேளைக்காரர். உற்ற வேளையில் உயிரையும் கொடுப்பதாகச் சூளுரைத்த படையினர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினர் அப்படையில் இருந்தனர்.

மன்னன் மறைந்தபின், முகலன் என்னும் மகாதேரரும் அமைச்சரும் அழைத்துக் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தலதாய்ப் பெரும்பள்ளியைத் தம் காவலில் ஏற்றதாக அவர்கள் எழுதிவைத்தனர். பள்ளிக்குத் தம் பெயரையே சூட்டி, ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தலதாய்ப் பெரும்பள்ளி’ என்றனர். அதற்குரிய ஊர்களையும், அதனிடம் அடைக்கலம் புகுந்தோரையும் உயிர் கொடுத்தும் காப்பதாக உறுதி கூறினர். புறநானூற்றில் வஞ்சினக் காஞ்சி படித்தவர்களுக்கு இந்த வேகம் புதிதல்ல. அங்கே சூள் போர்க்களத்தை நோக்கியது. இங்கே ஒரு பள்ளியின் காவலை நோக்கியது.

இதனைக் கண்டு, அந்நாளில் எல்லாம் இணக்கமாகவே இருந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. சோழருக்கு எதிராகப் போர்செய்ய மறுத்து இதே வேளைக்காரர் கலகம் செய்ததையும், அரண்மனைக்குத் தீ வைத்ததையும், விசயபாகு அவர்களைக் கொடுமையாகத் தண்டித்ததையும் சூளவம்சம் கூறுகிறது. அந்தக் கலகத்திற்கும் தண்டனைக்கும் பிற்பட்டது இந்தக் கல். கைவிட முடியாத பொருளைக் காக்கும் பொறுப்பை, ஒருகாலத்தில் மன்னனுக்கு எதிராக வாளெடுத்தவர்களிடமே பௌத்த சங்கத்தார் ஒப்படைத்தனர். அவர்களும் தம் மொழியிலேயே உறுதி எழுதிக் கொடுத்தனர்.

கலகத்தை மட்டும் படிப்பவர்க்குத் தமிழர் என்றும் பகைவராகவே தோன்றுவர். கல்லை மட்டும் படிப்பவர்க்குப் பகை நடந்ததே தெரியாது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு வேண்டும். பக்கத்து ஊர்களிலுள்ள சிங்களப் பிள்ளைகளுக்கும் வேண்டும். இனிப் பொலனறுவைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், கல்விகாரைக்குப் போகும் வழியில் இந்தக் கல்லின்முன் கால்மணி நேரம் நிற்பார்களாக.