கூனும் கணக்கும்: முதுகெலும்புக் காசநோய்ச் சிகிச்சை வரலாற்றில் சென்னை ஆய்வு

தமிழில் காசநோய்க்கு எலும்புருக்கி என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கியது. நோயாளி எலும்பும் தோலுமாக இளைத்துப்போவதைக் குறித்த பெயர் அது. எலும்பையே நோய் தாக்குவதைக் குறித்ததன்று. ஆயினும் நுரையீரலைத் தாக்கும் அதே கிருமி எலும்பையும் அரிக்க வல்லது. எலும்புகளுள் அது மிகுதியாகப் பற்றுவது முதுகெலும்பை. முள்ளெலும்புகளின் முன்பகுதி அரிபட்டுச் சரியும்போது முதுகு முன்னோக்கி மடிந்து கூன் விழுகிறது. சீழும் சிதைந்த எலும்புத் துண்டுகளும் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கின்றன. இந்நோய்க்கு அறுவை இன்றியமையாததா, மருந்து மட்டும் போதுமா என்னும் நீண்ட வழக்கில் சென்னை ஆய்வொன்று தந்த விடையும், அவ்விடையின் சொற்களுக்குள் அடங்காமல் எஞ்சிய ஒன்றும் இக்கட்டுரையின் பொருளாகும்.

கூன் என்றவுடன் சைவ மரபின் கூன்பாண்டியன் நினைவுக்கு வருதல் இயல்பு. சம்பந்தரால் கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்னும் அக்கதையிலிருந்து நோயைக் கணித்துச் சொல்ல முற்படுவது வரலாறு ஆகாது. கூனுக்குக் காரணங்கள் பல. சான்று வேண்டுமெனில் எலும்பே கிடைக்க வேண்டும். எகிப்தியப் பதப்படுத்திய உடலொன்றில் அத்தகைய முதுகெலும்பும் அதனையொட்டிய சீழ்க்கட்டியும் கண்டறியப்பட்டு 1910இல் விவரிக்கப்பட்டன.

இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் கூனுக்கும் கால் செயலிழப்புக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக எழுதினார். நோய் அவர் பெயராலேயே அறியப்படலாயிற்று. முதுகின் இருபுறமும் புண் உண்டாக்கிச் சீழை வடியவிடுவது அவர் கையாண்ட முறை. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் சிகிச்சை என்பது பெரும்பாலும் படுக்கையும் வெயிலும் காற்றும் மாவுக்கட்டுமே. 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி ஆகிய இருவரும் தனித்தனியே முள்ளெலும்புகளைப் பின்புறமாக ஒன்றிணைக்கும் அறுவையைத் தொடங்கினர். நோய் முன்புறத்தில், அறுவை பின்புறத்தில். இந்த முரண் நீங்க ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியசிடும் வர வேண்டியிருந்தது. மருந்தின் காவலில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் ஆகியோர் மார்பைத் திறந்து, அரிபட்ட எலும்பு முழுவதையும் நீக்கி, அவ்விடத்தில் எலும்பு ஒட்டுப் பொருத்தும் முறையை 1956இல் வெளியிட்டனர். கூன் குறைந்தது, எலும்புகள் விரைந்து இணைந்தன. ஆனால் அதற்குத் தேர்ந்த மருத்துவரும் மயக்கவியலாளரும் இரத்தமும் நல்ல மருத்துவமனையும் வேண்டும். நோய் மலிந்திருந்த நாடுகளிலோ அவையே அரிதாக இருந்தன.

அதே 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கின் கூட்டு முயற்சி அது. வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்திய அதன் முதல் ஆய்வு நுரையீரல் காசநோயாளர் 193 பேரைப் பற்றியது. சிலர் வீட்டிலிருந்தே மருந்து உண்டனர். மற்றவர் சானடோரியத்தில் படுக்கையும் நல்லுணவும் பெற்றனர். நெருக்கடியான, வறிய வீடுகளில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர் என 1959இல் வெளிவந்த முடிவு, சானடோரியம் என்னும் நிறுவனத்தின் தேவையையே ஐயத்துக்கு உள்ளாக்கியது. (சென்னைப் புறநகர் ரயில் நிலையமொன்றின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது.)

நுரையீரலுக்குப் பொருந்தியது முதுகெலும்புக்கும் பொருந்துமா? பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1960களில் இக்கேள்வியைப் பல நாடுகளில் கூறுகூறாக ஆராய்ந்தது. கொரியாவின் மாசான் நகரில் மருத்துவமனைப் படுக்கையும் வெளிநோயாளர் சிகிச்சையும் ஒப்பிடப்பட்டன. பூசானில் மாவுக்கட்டு உள்ளோரும் அற்றோரும் ஒப்பிடப்பட்டனர். இரண்டிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளை மாதக்கணக்கில் கட்டிலோடு பிணைத்த ஒரு வழக்கம் இவ்வாறு அமைதியாக ஆதாரமிழந்தது. மருத்துவ வரலாற்று நூல்கள் இதற்கு உரிய இடம் தந்துள்ளன என்று சொல்வதற்கில்லை.

1970களில் ரிஃபாம்பிசின் வந்தபின் இறுதிக் கேள்வி சென்னைக்கு வந்தது. முதுகெலும்புக் காசநோயாளர் 304 பேர் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாக்கப்பட்டனர். ஒரு பிரிவு ஆறு மாதமும் இன்னொன்று ஒன்பது மாதமும் ஐசோனியசிடும் ரிஃபாம்பிசினும் நாள்தோறும் உண்டு நடமாடிக்கொண்டிருந்தன. மூன்றாம் பிரிவுக்கு ஹாங்காங் முறை அறுவையுடன் ஆறு மாத மருந்து. பத்தாண்டுகளுக்குப் பின் 235 பேரின் நிலை கணக்கிடப்பட்டது. நற்பயன் பெற்றோர் அறுவைப் பிரிவில் 90 விழுக்காடு, ஆறு மாத மருந்துப் பிரிவில் 94, ஒன்பது மாதப் பிரிவில் 99. 1999இல் வெளியான இவ்வறிக்கை, நடமாடக்கூடிய நோயாளருக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை என்பதை ஐயமற நிறுவியது. கால்கள் முற்றும் செயலிழந்தோரைப் பற்றி இத்தகைய ஆய்வுகள் பேசுவதில்லை. அவர்கள் தொடக்கத்திலேயே சேர்க்கப்படவில்லை.

எனினும் நற்பயன் என்ற சொல் எதனைக் குறித்தது என்று பார்க்க வேண்டும். சீழ்க்கட்டியோ புரையோ இல்லாமை, தண்டுவடப் பாதிப்பு இல்லாமை, முழு உடலுழைப்புக்குத் திரும்புதல், ஊடுகதிர்ப் படத்தில் நோய் அடங்கியிருத்தல் ஆகியவையே அதன் உறுப்புகள். கூனின் கோணம் அவ்வரையறையில் இடம்பெறவில்லை. ஆய்வாளர் அதனை மறைக்கவில்லை; தனியே அளந்தனர், தனியே எழுதினர். அவ்வாறு எழுதியதில்தான் விலக்கொன்று வெளிப்பட்டது: பதினைந்து வயதுக்குட்பட்டு, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் கொண்டிருந்த சிறாருக்கு மருந்து மட்டும் தந்தபோது கூன் கணிசமாக வளர்ந்தது. கிருமி அழிந்த கணக்கில் அவர்கள் வெற்றி. ஆனால் கூனல் என்ற பட்டப்பெயரோடு பள்ளிக்கும் பின்னர் மணமேடைக்கும் செல்ல வேண்டிய ஒரு சிறுமிக்கு விழுக்காட்டில் என்ன ஆறுதல் இருக்க முடியும்? பெருங்கூன் அழகுக் குறை மட்டுமன்று. நோய் அடங்கிப் பல ஆண்டுகள் சென்றபின்னும் அது தண்டுவடத்தை நெரித்துக் கால்களை முடக்கக்கூடும்.

இதன் காரணத்தைத் துலக்கியதும் தமிழ்நாட்டு மருத்துவமே. சென்னையில் டி. கே. சண்முகசுந்தரத்துடன் இணைந்து கூனின் இறுதிக் கோணத்தை முன்கணிக்கும் முறையை 1987இல் வெளியிட்ட எஸ். ராஜசேகரன், பின்னர் கோயம்புத்தூரிலிருந்து, 61 சிறாரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்ட முடிவுகளை 2001இல் எழுதினார். நோய் அடங்கியபின் அவர்களுள் 39 விழுக்காட்டினருக்குக் கூன் வளர்ந்தது. 44 விழுக்காட்டினருக்குத் தானாகவே குறைந்தது. எஞ்சியோருக்குப் பெரிய மாற்றமில்லை. வளரும் முதுகெலும்பில் முன்பகுதி அழிந்திருக்கப் பின்பகுதி வளர்ந்துகொண்டே போனால் கூன் ஏறும். சிலருக்கு இம்மாற்றம் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் கழித்தே தொடங்கியது. ஆறு மாதத்தில் மருந்தை முடித்து வீடு திரும்பிய குழந்தையை அதன்பின் யாரும் பார்க்காவிட்டால் அது கண்ணில் படாது.

யாருக்குக் கூன் ஏறும் என்பதை முன்னரே காட்டும் நான்கு அடையாளங்களை அவர் ஊடுகதிர்ப் படத்தில் வகுத்தார்: பின்புறச் சிறுமூட்டுகள் விலகுதல், முள்ளெலும்பு பின்னோக்கித் தள்ளப்படுதல், பக்கவாட்டில் நகர்தல், மேலுள்ள எலும்பு கவிழ்ந்து சாய்தல். இவற்றுள் இரண்டுக்கு மேல் தென்படும் குழந்தைக்குக் கூன் பெரிதாகும் வாய்ப்பு மிகுதி. அத்தகைய குழந்தைக்கு நோய் அடங்கியிருந்தாலும் முன்கூட்டியே அறுவை செய்வது இன்றைய வழக்கம். மற்றச் சிறாரை வளர்ச்சி நிற்கும்வரை ஆண்டுதோறும் அழைத்துப் பார்க்கின்றனர்.