இராமநாதபுரம் மாவட்டம்

இராமநாதபுரம், தமிழ்நாட்டின் தென்கிழக்கு மூலையிலுள்ள கடலோர மாவட்டம். வடக்கே புதுக்கோட்டை, வடமேற்கே சிவகங்கை, மேற்கே விருதுநகர், தென்மேற்கே தூத்துக்குடி மாவட்டங்களும், கிழக்கே பாக் நீரிணையும், தெற்கே மன்னார் வளைகுடாவும் இதன் எல்லைகள். பரப்பு ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 13,53,445. இவர்களில் பத்தில் ஏழு பேர் கிராமவாசிகள். இராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, இராமேசுவரம் ஆகிய நான்கும் நகராட்சிகள். கடற்கரையின் நீளம் சுமார் 237 கிலோமீட்டர். மாநிலக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

வெளியூரார் இதைத் 'தண்ணியில்லாக் காடு' என்பார்கள். அரசு ஊழியரைத் தண்டிக்க வேண்டுமானால் இங்கே மாற்றுவது வழக்கம் என்பது சினிமா வசனம்வரை ஏறிவிட்டது. இந்தப் பெயர் மாவட்டத்துக்கு இழைத்த தீங்கு கொஞ்சமல்ல. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மண் இது. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மாவட்டத்துக்குள் மலை கிடையாது. வற்றாத ஆறும் கிடையாது. கடலை நோக்கிச் சற்றே சரிந்த சமவெளியில் பெய்கிற மழையைப் பெய்கிற நாளில் பிடித்துவைத்தால்தான் உண்டு. பிடித்துவைத்த காலங்களில் ஊர்கள் செழித்தன; விட்டுவிட்ட காலங்களில் காலியாயின.

நீர்

நீரைப் பிடித்துவைக்க இப்பகுதி கண்டுகொண்ட வழி கண்மாய். பிற மாவட்டங்களில் ஏரி என்பதை இங்கே கண்மாய் என்கிறார்கள். மூன்று பக்கம் கரை போட்டு, மேட்டுப் பக்கம் திறந்துவிட்டு, வழிந்தோடி வரும் நீரைத் தேக்குவது அதன் அமைப்பு. கரையில் மடைகள், மிகுநீர் வெளியேறக் கலுங்கு, மேலேயிருந்து நீர் வந்து சேர வரத்துக்கால். ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்தால் அது அடுத்த ஊர்க் கண்மாயின் வரத்து. இப்படி ஊர்விட்டு ஊர் கோத்துக்கொண்டு கடலோரம்வரை செல்லும் கண்மாய்கள் மாவட்டத்தில் 1,500-க்கும் மேல். குடிக்க ஊருணி தனி. அதில் கால் நனைக்கவும் விடமாட்டார்கள்.

இவற்றுள் பெரியது ஆர்.எஸ்.மங்கலம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இராஜசிங்கமங்கலத்தின் கண்மாய். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று மக்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வேறொரு சிறப்பு உண்டு: வைகை ஆறு முடிவது அங்கேதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மதுரையைக் கடந்து வரும் ஆற்றின் நீர், வழியிலேயே கண்மாய்களுக்குப் பிரிந்துபோய், எஞ்சியது இந்தக் கண்மாயை நிரப்புகிறது. அதையும் மிஞ்சும் வெள்ளம்தான் ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைத் தொடும். பரமக்குடிக்கு மேற்கே பார்த்திபனூர் மதகணையில் வைகை நீர் வலது, இடது கால்வாய்களுக்குப் பங்கிடப்படுகிறது. வைகையைத் தவிரக் குண்டாறு, கோட்டக்கரையாறு, விருசுழியாறு, பாம்பாறு என்பவையும் உண்டு. எல்லாமே காட்டாறுகள்தாம். குண்டாற்றிலிருந்து, இப்பகுதியை ஆண்ட சேதுபதிகள் காலத்தில் வெட்டிய இரகுநாத காவேரி என்ற கால்வாய் முதுகுளத்தூர்ப் பகுதிக் கண்மாய்களுக்கு வரத்தாக இருந்தது.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் யோசனையை முதலில் எழுப்பியதும் இந்த மண்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்காக ஆட்களை அனுப்பி மலைப் பகுதியைப் பார்வையிடச் செய்தார். செலவு தாங்காது என்று அது கைவிடப்பட்டது. நூறாண்டு கழித்து, 1895இல் பென்னிகுவிக் கட்டிய அணையால் அந்த நீர் வைகைக்கு வந்தது. பலன் பெரும்பாலும் மேல்பகுதி நிலங்களுக்குச் சென்றது. கனவு கண்ட கடைமடைக்குக் கிடைத்தது மிச்சம்தான்.

கண்மாய் தானாக நிற்பதில்லை. நீரை வயல் வயலாகப் பங்கிட 'நீர்பாய்ச்சி' என்ற ஊழியர் இருந்தார். அவருக்கு விளைச்சலில் பங்கு. ஆண்டுதோறும் கரைக்கு மண் போடுவதும் வரத்துக்காலைத் தூர்வாருவதும் ஊரார் கடமை, அதுதான் குடிமராமத்து. இந்தக் கடமையின் கீழ்ப்படிகளில் கூலியில்லாத உழைப்பைத் தாழ்த்தப்பட்ட சாதியினர் தலையில் சுமத்திய கொடுமையும் அடங்கியிருந்ததை மறைக்கக்கூடாது. 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி இப்பகுதியை ஜமீனாக்கியபின் ஜமீன்தாருக்கு வரி முக்கியமாயிற்று, மராமத்து சுமையாயிற்று. ஜமீன் ஒழிப்புக்குப் பின் கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பிரிந்துபோயின. பழைய அதிகாரம் போனது நல்லது; ஆனால் வாய்க்காலை வெட்டிவிடும் பொறுப்பை ஏற்க அந்த இடத்தில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. மானிடவியலாளர் டேவிட் மோஸ் இந்தப் பகுதியின் கண்மாய்களையும் அவற்றைச் சுற்றிய அதிகார உறவுகளையும் ஆராய்ந்து 2003இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

தூர்ந்த கண்மாய்களில் குடியேறியது சீமைக் கருவேலம். விறகுக்காக அரசே ஊக்குவித்துப் பரப்பிய மரம். இன்று கண்மாயின் உள்வாய், தரிசு, சாலையோரம் எங்கும் அதுதான். அதே மரம் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கரிமூட்டத் தொழிலாகவும் ஆகிவிட்டது. விதைத்த நெல் கருகிய ஆண்டில் கூலி கொடுத்தது அந்தக் கரிதான். ஆகவே அதை ஒரே நாளில் வேரோடு பிடுங்கச் சொல்பவர்கள், அதை நம்பிப் பிழைப்போர்க்கு வேறு வழியும் சொல்ல வேண்டும்.

வரலாறு

வைகை முகத்துவாரத்தருகே அழகன்குளத்தில் 1980களிலிருந்து தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் உரோமானியக் காசுகள், மதுச்சாடித் துண்டுகள், கப்பல் உருவம் கீறிய பானையோடு ஆகியவை கிடைத்தன. பாண்டிய நாட்டின் கடல் வாணிகத்துக்கு இது நேரடிச் சான்று. இடைக்காலத்தில் அந்த இடத்தைப் பெரியபட்டினம் பெற்றது; அங்கே சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள், இராமேசுவரம் செல்லும் சேது வழியைக் காக்கும் பொறுப்பை உடையான் சேதுபதியிடம் அளித்தனர். போகலூரிலிருந்து ஆண்ட இந்த மரபில் கிழவன் சேதுபதி தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றினார், நாயக்கர் மேலாண்மையை உதறினார். இராமேசுவரம் கோயிலின் நீண்ட பிரகாரங்கள் சேதுபதிகளின் திருப்பணி. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இன்றும் இருக்கின்றன. இராமாயண, பாகவதக் காட்சிகளோடு, தஞ்சை மராத்தியருடனான போரும், ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்பதும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. தமிழகத்துச் சுவரோவியங்களைப் பற்றிப் பேசுவோர் சித்தன்னவாசலோடும் தஞ்சையோடும் நிறுத்திவிடுகிறார்கள். இங்கேயும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

கீழக்கரை வணிகர் சீதக்காதி, சேதுபதிக்கு நெருக்கமானவர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர். கோயில், பள்ளிவாசல், தர்கா, தேவாலயம் எனப் பல சமயத்தாருக்கும் சேதுபதிகள் நிலக்கொடை வழங்கிய செப்பேடுகளை வரலாற்றாசிரியர் எஸ்.எம். கமால் தேடித் தொகுத்தார். அதே கிழவன் சேதுபதி காலத்தில்தான் போர்ச்சுகீசிய இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். இரண்டும் வரலாறுதான். ஓரியூர் இன்று பெரும் யாத்திரைத் தலம்.

1772இல் கம்பெனிப் படை இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தது. சிறுவனாகச் சிறைப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டு அரியணை ஏறிய முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி 1795இல் மீண்டும் நீக்கியது. 1809இல் அவர் சிறையிலேயே இறந்தார். 1799இல் மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பகுதி மக்கள் கம்பெனியை எதிர்த்துக் கிளர்ந்தனர். பிற்கால ஜமீன்தார்களில் பாஸ்கர சேதுபதி விவேகானந்தரைச் சிகாகோ செல்லத் தூண்டியவர். 1897 ஜனவரியில் விவேகானந்தர் திரும்பிவந்து பாம்பனில் இறங்கியபோது வரவேற்றவரும் அவரே. அந்த ஆண்டிலேயே கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். அது இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ந்தது. மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இதே குடும்பத்தவர்.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானது. அதன் ஆட்சியர் அலுவலகமோ மதுரையில் இருந்தது. மனுக் கொடுக்க வேண்டிய குடியானவர் வேறு மாவட்டத்துக்குப் பயணம் போகவேண்டிய நிலை பல்லாண்டு நீடித்தது. 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தபோது இன்றைய மாவட்டம் வடிவம் பெற்றது. காரைக்குடியின் வணிகச் செல்வமும் சிவகாசி, விருதுநகரின் ஆலைகளும் வெளியே போக, வானம் பார்த்த நிலமும் கடலும் இங்கே எஞ்சின.

சாதி மோதல்கள் இம்மாவட்டத்தின் ஆறாத புண். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஊர் ஊராக ஆண்களைக் கைரேகை வைக்கச் சொன்ன கொடுமையை எதிர்த்து முத்துராமலிங்கத் தேவர் போராடினார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது. ஒடுக்கப்பட்டோர் உரிமைக்குக் குரல் கொடுத்த இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொலையுண்டார். தொடர்ந்த முதுகுளத்தூர்க் கலவரத்தில் பலர் மாண்டனர். 2011இல் அவரது நினைவு நாளான அதே செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் மேலும் உயிர்கள் போயின.

வயலும் மந்தையும்

மழைக்கு முன்பே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது இங்கத்திய வழக்கம். நெல்லுக்கு அடுத்தது மிளகாய். உருண்டையாக, தடித்த தோலுடன் விளையும் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தி, மல்லி, எள், சோளம் ஆகியவையும் உண்டு. சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனை: கருப்பட்டி, ஓலைப் பெட்டி, நார். பரமக்குடி, எமனேசுவரத்தில் கைத்தறி நெசவு.

கோடையில் மேய்ச்சல் இல்லாதபோது இங்கத்திய கீதாரிகள் ஆட்டு மந்தையோடு தஞ்சைத் தரணிக்கு நடந்துபோய், அறுவடையான வயல்களில் கிடை போடுவார்கள். காவிரிப் பாசன வயலுக்கு உரம். இவர்களுக்கு நெல்லோ பணமோ கூலி. வீடு மந்தையோடு நகரும் இந்த வாழ்வைச் சு. தமிழ்ச்செல்வி 'கீதாரி' என்ற நாவலில் எழுதியுள்ளார். மந்தை இல்லாதவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். கடலோர முஸ்லிம் ஊர்களிலிருந்து வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர். அங்கிருந்து வரும் பணத்தைக் கழித்துவிட்டு இம்மாவட்டத்தின் பொருளாதாரத்தைக் கணக்கிட முடியாது.

வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளமும், வழுதூரில் எரிவாயு மின்நிலையமும் உள்ளன. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. தொடங்கியபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரியவற்றுள் ஒன்று அது.

கடல்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986இலும், உயிர்க்கோளக் காப்பகம் 1989இலும் அறிவிக்கப்பட்டன. பவளப்பாறையும் கடல்புல்லும் கடல்பசு எனப்படும் ஆவுளியாவும் உள்ள கடல் அது. கீழக்கரையின் சங்கு குளிப்போர் எடுத்த சங்குகள் வங்காளத்துப் பெண்களின் வளையல்களாயின. பாசி சேகரிக்கும் பெண்கள் இன்றும் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி நீருக்குள் முங்குகிறார்கள். பூங்கா எல்லை வந்தபின் அவர்கள் தொழிலே குற்றமாகப் பார்க்கப்பட்டது பெரும் அநியாயம். பாக் நீரிணையில் விசைப்படகு மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் சிக்குவது தொடர்கதை; சேதுபதி ஜமீனில் இருந்த கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்தால் இலங்கைக்குப் போனது.

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் சென்னையிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று இலங்கைப் பயணம் எளிதானது. தோட்டத் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காக அடைக்கப்பட்டுப் பின் அனுப்பப்பட்டார்கள். 1983க்குப் பிறகு அதே மண்டபம், இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களின் அகதி முகாம் ஆனது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி ஊரும், பயணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலும் கடலில் மூழ்கின. ஊர் மறுபடி எழவில்லை. சிதைந்த பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீர்செய்தது. சாலைப் பாலம் 1988இலும், செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன.

வழிபாடும் வாழ்வும்

இராமேசுவரம், மரகத நடராசர் உள்ள உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, தேவிபட்டினம், ஏர்வாடி தர்கா எல்லாம் நாடறிந்தவை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகமொன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டனர். அதன்பின்தான் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, மனநல மருத்துவம் பற்றி நாடு பேசத் தொடங்கியது. கிராமங்களின் சொந்தத் திருவிழா முளைக்கொட்டு. பெண்கள் முளைப்பாரி வளர்த்து, கும்மியடித்து, மழை வேண்டிக் கண்மாயில் கரைப்பார்கள்.

இன்று

திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர்தான் பல ஊர்களின் தாகம் தீர்க்கிறது. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் அமைக்கப்பட்டது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் கண்மாய்கள் பறவைகள் கூடும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. 'தண்ணியில்லாக் காட்டில்' சர்வதேசத் தகுதி பெற்ற நீர்நிலைகள் நான்கு!

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது வரவேண்டும். ஆனால் வந்த நீர் நிற்க வேண்டிய இடம் இந்தக் கண்மாய்கள்தாம். ஆகவே மாவட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு வரத்துக்கால்களைத் தூர்வாரவும், கலுங்குகளையும் மடைகளையும் செப்பனிடவும் போக வேண்டும். அதைச் செய்யும் பொறுப்பு ஊர்ப் பாசனச் சங்கங்களிடம், எல்லாச் சாதியாரும் சமமாக அமரும் சங்கங்களிடம், சட்டப்படி ஒப்படைக்கப்பட வேண்டும்.