பயண இழுவை வண்டிகளில் துர்நாற்றம்

பயண இழுவை வண்டிகளில் துர்நாற்றம் என்பது, மகிழுந்து அல்லது சிறு சரக்குந்தினால் இழுத்துச் செல்லப்படும் குடியிருப்பு வண்டிகளின் உட்புறத்தில், மூலம் உடனே புலப்படாத வகையில் தோன்றும் கெட்ட வாடையைக் குறிக்கும். இவ்வண்டிகள் வட அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் எனவும், பிரித்தானியாவில் கேரவன் எனவும் அழைக்கப்படுகின்றன. இத்தகைய வாடைகளுட் பெரும்பாலானவை தொல்லை தருவன மட்டுமே. எனினும் சில, வெடிப்பு, தீ, நச்சுப் பாதிப்பு ஆகியவற்றின் முன்னறிகுறிகளாகும். தீங்கற்ற காரணமும் உயிருக்கு ஆபத்தான காரணமும் ஏறத்தாழ ஒரே வாடையைத் தரக்கூடும். ஆகவே நறுமணப் பொருள்களால் வாடையை மறைப்பதைவிட அதன் மூலத்தைக் கண்டறிவதே முதன்மையானது.

வண்டியின் அமைப்பு

சமையலறை, கழிவறை, படுக்கை, நீர்த்தொட்டிகள், மின்கலம் ஆகிய அனைத்தும் இவ்வண்டியில் ஒரு சிறிய இடத்துக்குள் அமைந்துள்ளன. சமையல், வெந்நீர், வெப்பமூட்டல் ஆகியவற்றுக்குத் தேவையான புரொப்பேன் வளிமம், வெளியே முன்புறத்தில் பொருத்தப்பட்ட உருளைகளிலிருந்து குழாய்வழி வருகிறது. பொதுவாக மூன்று வகைத் தொட்டிகள் வண்டியின் அடியில் உள்ளன. அவை நன்னீர்த் தொட்டி, கைகழுவும் தொட்டியிலும் குளியலறையிலும் இருந்து வரும் நீருக்கான கழுவுநீர்த் தொட்டி, கழிவறைக் கழிவுத் தொட்டி என்பனவாகும். சுவர்களும் அலமாரிகளும் எடை குறைந்த ஒட்டுப்பலகை, மரத்துகள் பலகை ஆகியவற்றால் செய்யப்படுகின்றன. காற்று புழங்கும் இடம் குறைவாதலால் ஓரிடத்தில் எழும் வாடை விரைவில் வண்டி முழுவதும் பரவிவிடும். இதனால் வாடை மிகுதியாக உணரப்படும் இடமே அதன் மூலம் எனக் கொள்ள இயலாது.

அழுகிய முட்டை வாடை

இவ்வண்டிகளில் மிகுதியாகக் குழப்பம் விளைவிப்பது அழுகிய முட்டையை ஒத்த வாடையாகும். இதற்கு நான்கு முதன்மையான காரணங்கள் உள்ளன.

1. எரிவளிக் கசிவு: புரொப்பேன் இயல்பாக மணமற்றது. கசிவை உணர்வதற்காக அதனுடன் எத்தேன்தயோல் என்னும் கந்தகச் சேர்மம் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாசு மாநிலத்தின் நியூ லண்டன் என்னும் ஊரில், மணமூட்டப்படாத இயற்கை எரிவளி கசிந்து பள்ளிக்கூடம் ஒன்று வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள், உயிரிழந்தனர். அதன் பின்னரே எரிவளிக்கு மணமூட்டுவது சட்டத்தால் வலியுறுத்தப்பட்டது. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கு அடர்த்தியானது. எனவே அது தரையை ஒட்டித் தேங்கும். காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 2 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றக்கூடும். கசிவு உணரும் கருவி தரைக்கு அருகே பொருத்தப்படுவது இதனாலேயே ஆகும். எத்தேன்தயோலின் கொதிநிலை 35° செல்சியசு. புரொப்பேனின் கொதிநிலையோ -42° செல்சியசு. ஆகையால் புரொப்பேன் முதலில் ஆவியாகிச் செல்ல, மணப்பொருள் உருளையின் அடியில் எஞ்சுகிறது. உருளை தீரும் தறுவாயில் வாடை கூடுவதற்கு இதுவே காரணம்.

2. மின்கலம்: ஈய-அமில மின்கலம் அளவுக்கு மீறி மின்னேற்றப்பட்டால் சூடாகி, ஐதரசன் சல்பைடு வளிமத்தை வெளியிடும். உடன் வெளிவரும் ஐதரசன் வெடிக்கும் தன்மையது. இவ்வளிமங்கள் எரிவளிக் கசிவு உணரும் கருவியை ஒலிக்கச் செய்வதும் உண்டு. இதனால் எரிவளிக் குழாய்களில் இல்லாத கசிவைத் தேடிக் காலம் கழிய, மின்கலம் தொடர்ந்து கொதித்துக்கொண்டிருக்கும்.

3. வெந்நீர்க் கலன்: எஃகுக் கலன்கள் துருப்பிடிக்காதிருக்க அவற்றினுள் மக்னீசியத் தண்டு ஒன்று செருகப்படுகிறது. நீர் நெடுநாள் தேங்கினால், அதிலுள்ள சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைடை உண்டாக்குகின்றன. மக்னீசியத் தண்டு இவ்வினைக்குத் துணைபுரிகிறது.

4. கழிவுநீர் அமைப்பு: வீடுகளில் உள்ளதுபோலவே இங்கும் ஒவ்வொரு வடிகுழாயின் கீழும் வளைந்த பகுதியில் நீர் தேங்கி நின்று, தொட்டியின் வளிமம் மேலெழாதவாறு தடுக்கிறது. இது நீர்ப்பூட்டு எனப்படும். வண்டி நெடுநாள் நிறுத்தப்பட்டால் இந்நீர் ஆவியாகிவிடும். ஓட்டத்தின் குலுக்கலிலும் வெளியேறிவிடும். கைகழுவும் தொட்டியின் கீழுள்ள ஒருவழிக் காற்றுத் தடுக்கிதழ் திறந்தபடி சிக்கிக்கொள்ளுதல், கழிவறைக் கிண்ணத்தின் இரப்பர் வளையம் தேய்தல், கூரைக்குச் செல்லும் காற்றுக்குழாய் கழன்று மேற்கூரையினுள் இறங்கிவிடுதல் ஆகியனவும் காரணங்களாகும். கூரைக் காற்றாடி உட்காற்றை வெளியே இழுக்கும்பொழுது வண்டியினுள் அழுத்தம் குறைகிறது. அவ்வேளையில் கழிவறையின் அடைப்பைத் திறந்தால் தொட்டியின் வளிமம் நேரே உள்ளே வந்துவிடும்.

பிற வாடைகள்

* அம்மோனியா வாடை: மின்சாரமின்றி எரிவளியாலும் இயங்கவல்ல உறிஞ்சல்வகைக் குளிர்பதனப் பெட்டியில் அம்மோனியா, நீர், ஐதரசன் ஆகியன உள்ளன. இது 1922 இல் சுவீடனைச் சேர்ந்த பால்ட்சர் வொன் பிளாட்டன், கார்ல் மந்தர்சு ஆகியோரால் உருவாக்கப்பட்டது. கார நெடியும், பெட்டியின் பின்புறக் குழாய்களில் மஞ்சள் நிறப் படிவும் கசிவைக் காட்டும். ஐதரசனும் வெளியேறுமாதலால் பெட்டியை உடனே நிறுத்திவிட வேண்டும்.
* மீன் வாடை: மின்செருகிகளும் கம்பி உறைகளும் மிகையாகச் சூடேறும்பொழுது இவ்வாடை எழலாம். இது தீ விபத்தின் முன்னறிகுறியாகும்.
* இறந்த எலி: அடித்தட்டின் துளைகள் வழியே நுழையும் எலிகள் வெப்பக்காப்புப் பஞ்சில் கூடு கட்டி இறப்பதுண்டு. வட அமெரிக்காவில் மான் எலிகளின் எச்சத்தால் ஆன்டா தீநுண்மம் பரவக்கூடும். எனவே எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல், கிருமிநாசினியால் நனைத்த பின்னரே அகற்றுதல் வேண்டும்.
* பூஞ்சை வாடை: கூரை, சாளரம் ஆகியவற்றின் இணைப்புகள் வழியே கசியும் மழைநீர் சுவர்ப்பலகையினுள் தங்குவதால் உண்டாகிறது. வெளித்தோற்றத்தில் சுவர் உலர்ந்தே காணப்படலாம்.

மூலத்தைக் கண்டறிதல்

முதலில் விலக்கப்பட வேண்டியது எரிவளிக் கசிவாகும். வாடை அழுகிய முட்டையை ஒத்திருப்பின், மின்விசை எதையும் தொடாமல் அனைவரும் வெளியேறி, உருளைகளின் திறப்புகளை வெளியிலிருந்தே மூடுதல் வேண்டும். வண்டி நன்கு காற்றோட்டம் பெற்ற பின்னர், இணைப்புகளில் சவர்க்கார நீரைப் பூசினால் கசியும் இடத்தில் குமிழிகள் தோன்றும். தீச்சுடரைக் கொண்டு சோதித்தல் ஆகாது. உருளைகள் மூடப்பட்ட பின்னரும் வாடை நீடித்தால் அடுத்ததாக மின்கலத்தைப் பார்த்தல் வேண்டும். அது சூடாகவோ உப்பியோ இருப்பின், மின்னேற்றியின் இணைப்பை வெளியிலிருந்து துண்டிக்க வேண்டும்.

இதன் பின்னர், வாடை எப்பொழுது தோன்றுகிறது என்பது எங்கே தோன்றுகிறது என்பதைவிடப் பயனுள்ள தடயமாகும். நீரைத் திறக்கும்பொழுது மட்டும் வாடை எழுந்தால், வெந்நீரையும் தண்ணீரையும் தனித்தனிக் குவளைகளில் பிடித்து, வண்டிக்கு வெளியே கொண்டுசென்று முகர்ந்து பார்க்கலாம். வெந்நீரில் மட்டும் வாடை இருப்பின் வெந்நீர்க் கலனும், இரண்டிலும் இருப்பின் நன்னீர்த் தொட்டி அல்லது நீர் பெறப்பட்ட இடமும் காரணமாகும். இரண்டிலும் இல்லையெனில் வாடை நீரிலிருந்தன்று, வடிகுழாயிலிருந்து வருகிறது. வண்டி ஓடும்பொழுதோ கூரைக் காற்றாடி சுழலும்பொழுதோ கூடும் வாடை கழிவுத்தொட்டியைச் சுட்டும். மழைக்குப் பின் கூடுவது நீர்க்கசிவையும், மின்சாதனங்கள் இயங்கும்பொழுது கூடுவது மின்னிணைப்பையும் சுட்டும்.

நீர்ப்பூட்டு வறண்டிருப்பின், பயன்படுத்தப்படாத துணிதுவைக்கும் பொறியின் வடிகுழாய் உட்பட எல்லா வடிகுழாய்களிலும் நீர் ஊற்றினாலே போதுமானது. நன்னீர் அமைப்பைத் தூய்மையாக்க, 57 லிட்டர் கொள்ளளவுக்கு ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் என்ற அளவில் மணமற்ற வீட்டு வெளுப்பான் கலக்கப்பட்டு, சில மணிநேரம் கழித்து முற்றிலும் அலசப்படுகிறது.

முகர்தலுக்கு எல்லை உண்டு. ஐதரசன் சல்பைடு காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கு என்ற அளவை அடைந்தால், சில நிமிடங்களில் மூக்கு அதனை உணரும் திறனை இழந்துவிடும். அந்நிலையில் வாடை மறைந்தது ஆபத்து நீங்கியதாகப் பொருள்படாது. எரிதலின்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. எனவே அதற்கென உணர்கருவி தனியே தேவைப்படுகிறது.

கத்ரீனா சூறாவளியும் பார்மால்டிகைடும்

மூலத்தைத் தேடுவதில் மிகவும் அறியப்பட்ட நிகழ்வு 2005 ஆகத்து மாதம் ஐக்கிய அமெரிக்காவின் வளைகுடாக் கரையைத் தாக்கிய கத்ரீனா சூறாவளிக்குப் பின் நேர்ந்தது. வீடிழந்தோருக்கு நடுவண் அவசரநிலை மேலாண்மை முகமை 1,00,000க்கும் மேற்பட்ட இழுவை வண்டிகளையும் நடமாடும் வீடுகளையும் வழங்கியது. விடுமுறை நாள்களுக்கென அமைந்த வண்டிகளில் குடும்பங்கள் மாதக்கணக்கில், பின் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. கண்ணெரிச்சல், மூக்கில் குருதி வடிதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றைப் பலரும் முறையிட்டனர். 2006 இல் சியேரா கிளப் என்னும் தன்னார்வ அமைப்பு வண்டிகளின் காற்றைச் சோதித்து, பார்மால்டிகைடு மிகுந்திருப்பதை வெளிப்படுத்தியது.

இங்கு வாடையின் மூலம் குழாயோ தொட்டியோ அன்று, சுவரும் அலமாரியும் ஆன பலகைகளே ஆகும். அவற்றை ஒட்டும் பசையிலிருந்து பார்மால்டிகைடு வெளியேறுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகும்பொழுது இவ்வெளியேற்றம் கூடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் இச்சேர்மத்தை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருந்தது. நடமாடும் வீடுகளின் பலகைகளுக்கு 1985 முதல் வரம்பு இருந்தபோதிலும், இழுவை வண்டிகளுக்கு அவ்வரம்பு பொருந்தவில்லை.

நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு நடுவங்கள், 2007 திசம்பர் முதல் 2008 சனவரி வரை, மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த 519 வண்டிகளைச் சோதித்தன. சராசரி அளவு நூறு கோடியில் 77 பங்கு எனவும், அளவுகள் 3 முதல் 590 வரை வேறுபட்டன எனவும் 2008 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. கோடைக்கு முன்பே மக்களை வேறிடங்களுக்கு மாற்றுமாறும் பரிந்துரைக்கப்பட்டது. சோதனை குளிர்காலத்தில் நடந்ததால் கோடையில் அளவு இன்னும் கூடியிருக்கக்கூடும்.

பின்னர் இவ்வண்டிகள் குடியிருப்புக்கு உகந்தவையல்ல என்னும் ஒட்டுத்தாளுடன் ஏலத்தில் விற்கப்பட்டன. 2010 இல் மெக்சிக்கோ வளைகுடா எண்ணெய்க் கசிவைத் துப்புரவு செய்த தொழிலாளர் சிலர் அவற்றில் தங்கியிருந்தமை தெரியவந்தது. அதே ஆண்டு சூலை 7 அன்று, கூட்டுமரப் பொருள்களிலிருந்து வெளியேறும் பார்மால்டிகைடுக்கு நாடு தழுவிய வரம்பு விதிக்கும் சட்டம் கையொப்பமாயிற்று. குடியிருந்தோர் தொடுத்த வழக்கில் 2012 இல் ஏறத்தாழ 4.26 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது.

இவற்றையும் பார்க்கவும்

* ஐதரசன் சல்பைடு
* எத்தேன்தயோல்
* பார்மால்டிகைடு
* நீர்ப்பூட்டு
* கத்ரீனா சூறாவளி