ஸ்டாண்டர்டு ஹெரால்டு

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான சிறிய கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டு இதற்கு மூலம். இந்தியாவில் ஓடிய கார்களில் வடிவமைப்புக்காக நினைவில் நிற்கத் தகுந்தவை எவை என்று கேட்டால் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, முதல் மாருதி 800 என்ற மூன்று பெயர்களைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். அவற்றுக்கு முன்னால் எழுதப்பட வேண்டிய பெயர் ஹெரால்டு. அம்பாசடர் மேலுள்ள பாசம் அதில் ஏறி இறங்கிய ஐம்பது வருடப் பழக்கத்தில் விளைந்தது. ஹெரால்டின் சிறப்போ அதை வரைந்த விதத்திலேயே இருக்கிறது.

இந்தக் காரின் வடிவம் ஒரு நெருக்கடியில் பிறந்தது. ட்ரையம்ப் ஹெரால்டைச் செய்த, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்டு லட்லோ தொழிற்சாலையை, 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாக அழுத்தித் தர வேறு ஆள் அகப்படவில்லை. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர், மற்றவர்கள் கைவிட்டு வந்த பழைய முறைக்கே திரும்பினார்: கீழே தனிச் சேஸ், மேலே துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து போல்ட் போட்டு முடுக்கிய பாடி. அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. நேர்கோடுகள், விளிம்பு கூர்ந்த பின்பக்கம், கண்ணாடிகள் அகன்ற மெல்லிய கூரை. 1959 ஏப்ரலில் அது பிரிட்டனில் வெளிவந்தபோது, உருண்டு திரண்ட அன்றைய கார்களுக்கு நடுவே வேறு காலத்திலிருந்து வந்ததுபோல் தெரிந்தது.

பானட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மட்கார்டு, முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். என்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் மூன்றும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். மெக்கானிக் முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம், குனிய வேண்டியதில்லை. அடுத்தது ஸ்டியரிங். முன் சக்கரங்கள் ஏறக்குறைய 45 பாகை வரை ஒடியும். வண்டி 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும். அம்பாசடருக்கு 10 மீட்டருக்கும் மேல் இடம் வேண்டும். பார்க்க அழகான கார்கள் உலகில் ஏராளம். அழகும் ரிப்பேர் வசதியும் ஒரே கோட்டில் அமைந்தவை மிகக் குறைவு.

இந்தியாவுக்கு அது வந்த வழியும் சொல்லத் தக்கது. கவென்ட்ரி நிறுவனமும் சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் சேர்ந்து 1948-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. முதலில் வான்கார்டு, பிறகு சிறிய ஸ்டாண்டர்டு கார்கள் என்று உதிரிபாகங்களை வரவழைத்துப் பூட்டிக் கொடுத்தார்கள். உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்ததும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. கார் செய்ய மிஞ்சியவை கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் நிறுவனங்கள்தான். துண்டுகளாகப் பிரித்துப் பூட்டும் ஹெரால்டு வண்டலூர் தொழிற்சாலைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. 948 சி.சி. என்ஜினோடு இறங்கிய காரில் உள்நாட்டுப் பாகங்கள் ஆண்டுக்காண்டு கூடின. இரண்டு கதவு போதாது என்று வாங்குவோர் சொன்னதால், 1960களின் பிற்பாதியில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. பிரிட்டனில் 5 லட்சத்துக்கும் மேல் ஹெரால்டுகள் செய்தார்கள். நான்கு கதவு செடானை அங்கே ஒருபோதும் விற்றதில்லை. அது முழுக்க முழுக்கச் சென்னைச் சரக்கு.

ஆனாலும் ஹெரால்டு தோற்றது. ஏன் என்பதைத் தெற்கே குலசேகரன்பட்டினம் போன்ற கடற்கரை ஊரில் வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். திருச்செந்தூரையும் திசையன்விளையையும் குலசேகரன்பட்டினத்தோடு இணைத்த சிறு ரயில் 1940 வாக்கில் நின்றபின், அந்த ஊரின் போக்குவரத்து சாலையை நம்பியே இருக்கிறது. அங்குள்ள முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டிய குழுக்கள் ஊர் ஊராகக் காணிக்கை பிரித்துக்கொண்டு வந்து சேரும். தட்டுமுட்டுச் சாமானோடு, ஏறக்கூடிய அத்தனை பேரும் ஏறிய வண்டிகள். அப்படிப்பட்ட பாரத்துக்கு ஹெரால்டின் பின்பக்கம் ஏற்றதல்ல. குறுக்கே போட்ட ஒற்றை லீஃப் ஸ்பிரிங்கில், ஒவ்வொரு சக்கரமும் தன் அரை ஆக்சிலோடு தனித்தனியே மேலும் கீழும் ஆடும். ஆள் ஏற ஏறப் பின்சக்கரங்களின் மேல்விளிம்பு உள்ளே சாய்ந்து, டயரின் உட்பக்கம் மட்டும் தேயும். காலி வண்டியை வளைவில் வேகமாக ஒடித்தால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அம்பாசடருக்கு இந்தத் தொல்லையே இல்லை. முரட்டு ஆக்சில், இரு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். டாக்சிக்காரர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் வியப்பில்லை. கடற்கரை உப்புக்காற்றும் பல துண்டுகளைச் சேர்த்த பாடிக்குப் பகை. இணைப்புகளில் ஈரம் தங்கினால் துரு அங்கேதான் தொடங்கும்.

நிறுவனத்துக்கும் இந்தக் குறை தெரிந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெசல் உண்மையில் ஹெரால்டின் மறுபிறவி. பின்பக்கம் முழு ஆக்சில் போட்டு ஆட்டத்தை அடக்கினார்கள். முகப்பையும் மாற்றினார்கள், மிக்கெலோட்டியின் கோடுகள் அதில் மழுங்கிவிட்டன என்பதே என் கருத்து. அந்தப் பத்தாண்டின் முடிவில் கெசலும் நின்றது. 1985-இல் ரோவர் எஸ்டி1-இன் பாடிக்குள் பழைய வான்கார்டு காலத்து என்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றார்கள். விலை அதிகம், வேகம் குறைவு. 1988-இல் அதுவும் முடிந்தது.

ஹெரால்டு சேஸின் மேல்தான் ட்ரையம்ப் விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களும் எழுந்தன. அவற்றைப் போற்றிக் காக்கும் ஆர்வலர்கள் உலகெங்கும் இருப்பதால் என்ஜின் பாகங்களை இன்றும் பிரிட்டனிலிருந்து வரவழைக்கலாம். நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவுக்கு அந்த வழி கிடையாது. அது வேறெந்த நாட்டுக் காரிலும் இருந்ததில்லை. பழுதடைந்த ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டித்தான் இருப்பவற்றை ஓட்ட முடியும். நல்ல நிலையில் உள்ள ஒரு நான்கு கதவு ஹெரால்டை அரசு அருங்காட்சியகம் ஒன்று வாங்கி, பானட்டைத் திறந்தபடியே காட்சிக்கு வைப்பது இப்போதே செய்ய வேண்டிய வேலை.