மடத்து வாசலும் அச்சுக்கூட வாசலும்

உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25. நாகப்பட்டினத்து வேதாசலம் 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தபோது 22 கூட நிரம்பவில்லை. பிற்காலத்தில் மறைமலையடிகள் ஆனவர் இவர்தான். இருவருக்கும் பட்டம் கிடையாது. இன்றைய விதிப்படி விண்ணப்பிக்கவே முடியாது.

ஐயருக்குக் கதவைத் திறந்தது குருபரம்பரை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, அவர் 1876இல் மறைந்தபின் திருவாவடுதுறை மடத்திலேயே தங்கிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். கும்பகோணத்தில் ஓய்வுபெறவிருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. தம் இடத்துக்கு அவர் தேடியது ஓர் ஆசிரியரை மட்டுமல்ல, தம் ஆசிரியரின் மாணாக்கர் ஒருவரை. மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் மனமில்லாமல்தான் விடை கொடுத்தார். சம்பளம் 50 ரூபாய்.

வேதாசலத்துக்கு மடமும் இல்லை, பரம்பரையும் இல்லை. தந்தை இறந்ததால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. தமிழ் கற்பித்த நாராயணசாமிப் பிள்ளை புத்தகக் கடைக்காரர். அச்சான நூல்களில் படித்து, பத்திரிகைகளில் எழுதி வாதாடி, ‘சித்தாந்த தீபிகை’யின் ஆசிரியப் பணிக்காகச் சென்னை வந்தவர். கல்லூரியில் அவரைத் தேர்ந்தவர்களுள் ஒருவர் அங்கே தமிழாசிரியராக இருந்த பரிதிமாற்கலைஞர். குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்டதற்கு ‘அஃது எனக்குத் தெரியாது’ என்று வேதாசலம் சொன்னதாக ஒரு கதை உண்டு. ‘அஃது’ ஆய்தத்தொடர், ‘தெரியாது’ உயிர்த்தொடர். தெரியாது என்றே கேட்டதைத் தந்துவிட்டார். கதை மெய்யோ பொய்யோ, ஆளைச் சரியாகப் பிடித்திருக்கிறது. கேள்விக்கு அடங்கிப் பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை.

வந்த வழி வகுப்பறையோடு நின்றுவிடவில்லை என்பதற்கு முல்லைப்பாட்டே போதும். 1889இல் முல்லைப்பாட்டு அடங்கிய பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு ஐயர் பதிப்பித்தார். ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒப்புநோக்கி, பாடபேதம் பார்த்து, பழைய உரையாசிரியர் சொன்னதைச் சொன்னபடி நம் கையில் தந்தார். தம் குரல் மேலெழாமல் பார்த்துக்கொண்டார். ஆசிரியர் எதிரே அடக்கமாக உட்கார்ந்து பாடம் கேட்டவரின் பணிவு அது. அதே முல்லைப்பாட்டுக்கு 1903இல் வேதாசலம் ஆராய்ச்சியுரை எழுதினார். நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வதை ஏற்க மறுத்தார். பாட்டு ஓடும் வரிசையிலேயே பொருளும் ஓட வேண்டும் என்றார். உரையாசிரியரை எதிர்த்துப் பேச மடத்துப் பாடம் எளிதில் இடம் கொடாது. பத்திரிகையில் மல்லுக்கு நின்றவருக்கு அது இயல்பு. ஆனால் 1889ஆம் ஆண்டுப் பதிப்பு இல்லையென்றால் 1903இல் மறுப்பதற்குக் கையில் உரையே இருந்திராது. மறைமலையடிகளின் அன்பர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

ஐயரையும் மடத்தின் பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று தாம் படித்தவற்றை அடுக்கியபோது, சேலம் இராமசாமி முதலியார் அசையாமல் இருந்துவிட்டுச் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டது 1880இல், ஐயர் கும்பகோணத்துக்கு வந்தபின்தான். முதலியார் அவ்வூர் முன்சீப். கல்லூரி வேலை வாய்க்காதிருந்தால் அந்தச் சந்திப்பு நேர்ந்திருக்குமா என்பது ஐயமே. சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறியது.

வெளியேறிய விதமும் வேறு. ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919இல் முறைப்படி ஓய்வு பெற்றார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயம் இல்லை என்றானபோது, 1911இல் வேதாசலம் கல்லூரியை விட்டுப் பல்லாவரம் போனார். பதின்மூன்று ஆண்டு வேலை அத்தோடு முடிந்தது. பிறகு மேடையும் அச்சும்தான் அவருக்கு வகுப்பறை. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் முயற்சிக்குத் துறைத்தலைவர் எவரிடமும் அவர் ஒப்புதல் கேட்க வேண்டியிருக்கவில்லை.