வெர்னன் டேமர்: கடையை வாக்குரிமைக் களமாக்கிய வணிகர்

வெர்னன் டேமர் (1908–1966) அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஹாட்டிஸ்பர்க் நகருக்கு வடக்கே உள்ள கெல்லி செட்டில்மெண்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கருப்பின வணிகர். கருப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் ஃபாரஸ்ட் மாவட்டக் கிளைத் தலைவராக இருந்தவர். தன் மக்களின் வாக்குரிமைக்காகப் பணியாற்றியதற்காகவே கொல்லப்பட்டவர்.

ஒடுக்கப்பட்டோர் தொழில்முனைவோராக உயர்ந்தால் சாதி தானே தளர்ந்துவிடும் என்னும் வாதம் இன்று நம்மிடையே வலுவாக ஒலிக்கிறது. அவ்வாதத்தை எடைபோட டேமரின் வாழ்வு நமக்கு உதவும்.

வாழ்வும் தொழிலும்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய டேமர், உழைப்பால் பருத்தி நிலமும் மர அறுவை ஆலையும் மளிகைக் கடையும் உடையவரானார். ஊர் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் கற்பித்தார். பாடகர் குழுவையும் வழிநடத்தினார். அவருடைய தோல் வெளுப்பானது. வேறு ஊருக்குப் பெயர்ந்து, தம்மை வெள்ளையர் எனக் கூறிக்கொண்டு அவர் வாழ்ந்திருக்கலாம். சாதியை மறைத்து வாழும் நெருக்கடியை அறிந்த நமக்கு அந்த வாய்ப்பின் ஈர்ப்பு புரியும். டேமர் தன் ஊரிலேயே, தன் மக்களுள் ஒருவராகவே வாழ்ந்தார்.

கடனும் கூலியும் ஆயுதமாக

மிசிசிப்பியின் 1890ஆம் ஆண்டு அரசமைப்பு, நிறத்தைக் குறிப்பிடாமலேயே கருப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. வாக்களிக்க ஆண்டுக்கு 2 டாலர் வரி கட்ட வேண்டும். அரசமைப்பின் ஒரு பகுதியைப் பதிவு அலுவலர் மனநிறைவு கொள்ளுமாறு விளக்கவும் வேண்டும். கருப்பினப் பட்டதாரிகளும் அத்தேர்வில் தோற்கடிக்கப்பட்டனர். ஃபாரஸ்ட் மாவட்டப் பதிவு அலுவலர் தெரன் லிண்டின் மீது நடுவண் அரசே வழக்குத் தொடுக்க நேர்ந்தது.

சட்டத்திற்குத் துணையாகப் பொருளாதாரத் தண்டனையும் இருந்தது. 1954இல் மிசிசிப்பியில் தோன்றிய வெள்ளையர் குடிமக்கள் மன்றங்கள், வாக்காளராகப் பதிய முயன்றோரை வேலையிலிருந்து நீக்கின, கடனை நிறுத்தின, குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றின. நம் ஊர்களில் சமூகப் புறக்கணிப்பு எவ்வாறு இயங்குகிறதோ அவ்வாறே அதுவும் இயங்கியது.

டேமரிடம் சொந்த நிலமும் ஆலையும் கடையும் இருந்ததால், கூலியை நிறுத்தி அவரைப் பணியவைக்க எவராலும் இயலவில்லை. அந்தத் தற்சார்பை அவர் பிறருக்கும் நிழலாக்கினார். 1962இல் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்களான ஹாலிஸ் வாட்கின்ஸ், கர்டிஸ் ஹேயஸ் ஆகியோரைத் தம் பண்ணையில் தங்கவைத்து வாக்காளர் பதிவுப் பணிக்குத் துணைநின்றார். இதன் விலை என்ன என்பதை அவர் அறிந்தே இருந்தார். அவருடைய நண்பர் கிளைட் கென்னார்ட் வெள்ளையர் கல்லூரியில் சேர முயன்றவர். கோழித்தீவனம் திருடியதாகப் பொய்வழக்குப் புனையப்பட்டு ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர், 1963இல் புற்றுநோயால் இறந்தார். மிரட்டல்கள் பெருகியபோது டேமரும் அவர் மனைவி எல்லியும் இரவில் முறைவைத்து விழித்திருந்தனர்.

1966 ஜனவரி

1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வுகளை நிறுத்தியது. ஆயினும் மாநிலத் தேர்தல்களுக்கான வரி எஞ்சியிருந்தது. அதனைத் தம் கடையிலேயே செலுத்தலாம் என்றும், இயலாதவர்களுக்குத் தாமே கட்டுவதாகவும் டேமர் அறிவித்தார். 1966 ஜனவரி 9 அன்று அச்செய்தி வானொலியில் ஒலிபரப்பானது.

மறுநாள் விடியுமுன் கூ க்ளக்ஸ் க்ளான் அமைப்பினர் இரண்டு கார்களில் வந்து வீட்டுக்கும் கடைக்கும் தீவைத்தனர், துப்பாக்கியால் சுட்டனர். டேமர் திருப்பிச் சுட்டு அவர்களைத் தடுத்துநிறுத்த, குடும்பத்தினர் பின்புறச் சன்னல் வழியே தப்பினர். பத்து வயது மகள் தீக்காயமுற்றாள். நுரையீரல் வெந்துபோன டேமர் அன்றே மருத்துவமனையில் இறந்தார். அப்போது அவருடைய புதல்வர் நால்வர் அமெரிக்கப் படையில் பணியாற்றிக்கொண்டிருந்தனர். அவர்கள் சீருடையுடன் எரிந்த வீட்டருகே நிற்கும் நிழற்படம் நாடறிந்தது. டேமரின் வாக்காளர் அட்டை அவர் இறந்த பின்னரே அஞ்சலில் வந்தது. அவ்வாண்டு மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அந்த வரியையும் செல்லாததாக்கியது.

முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு

கொலையாளிகளுள் சிலர் தண்டிக்கப்பட்டனர். ஆனால் ஆணையிட்ட க்ளான் தலைவர் சாம் பவர்ஸ் மீதான விசாரணைகள், ஜூரியினர் ஒருமித்த முடிவுக்கு வராததால் மீண்டும் மீண்டும் முறிந்தன. டேமர் குடும்பம் ஓயவில்லை. அவர்களுடைய முயற்சியால் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டு, 1998 ஆகஸ்டில் பவர்ஸ் ஆயுள் தண்டனை பெற்றார். 2006இல் சிறையிலேயே இறந்தார்.

நாம் பெறும் பாடம்

சொத்து டேமரைக் காக்கவில்லை. அதனைத் தம் மக்களின் உரிமைக்காக அவர் பயன்படுத்தத் தொடங்கியதே ஆதிக்கத்தினருக்கு அச்சமூட்டியது. ஆயினும் அந்தச் சொத்து இல்லாதிருந்தால் அவரால் அவ்வாறு எழுந்துநிற்க முடிந்திருக்காது. ஆகவே, நம்முள் எத்தனை பேர் தொழிலதிபராயினர் என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அந்தத் தற்சார்பு, ஊரில் இன்னும் கூலிக்குக் கட்டுண்டு கிடப்போருக்கு எவ்வாறு பயன்படுகிறது என்றும் கேட்க வேண்டும்.

வாக்களிக்காதவர் கணக்கில் வரமாட்டார் என்பது டேமர் அடிக்கடி கூறிய சொல். கருப்பின மக்களைப் பதிவு அலுவலர் திருப்பியனுப்பிய அதே நீதிமன்றக் கட்டடத்தின் முன், 2020 ஜனவரியில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.